பணியிட மாற்றம் என்றால் அவர்கள் காதில் டிரான்ஸ்ஃபர் என்றுதான் விழும்

கேள்வி: அரசு ஊழியர்களைப் பணியிட மாற்றத்தையும் புதிய முறைகளையும் மனமுவந்து ஏற்கவைப்பது எப்படி? பயிற்சி, பாராட்டு, பரிசு என்று என்ன செய்தாலும் அசைய மறுக்கிறார்களே?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பணியிட மாற்றம் என்று நீங்கள் எழுதியிருப்பது வேலைமுறை மாறுவதை. அரசு ஊழியர் காதில் அது டிரான்ஸ்ஃபர் என்றுதான் விழும். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை ‘பணியிட மாற்றம் குறித்த கலந்தாய்வு’ என்று சுற்றறிக்கை வந்தது. புது மென்பொருளைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் இரண்டு பேர் மருத்துவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மேலதிகாரியைப் பார்க்கக் கிளம்பியே போய்விட்டார்.

நான் 18 வருடம் இருக்கையில் உட்கார்ந்து கோப்பு எழுதியவன். அப்புறம் 6 வருடம் அதே துறையின் கணினிமயமாக்கல் குழுவில் இருந்தேன். அதாவது, மாற மாட்டேன் என்று அடம்பிடித்ததும் நான்தான், ஏன் மாட்டேன் என்கிறீர்கள் என்று மற்றவர்களிடம் தொண்டை வறளக் கேட்டதும் நான்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆர்வம் இல்லாததால் அசையாமல் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அசையாமல் இருக்கிறார்கள். அந்தக் கணக்கும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

கணக்கு இதுதான். புதிய முறையில் ஒரு வேலையைச் செய்து அது நன்றாக முடிந்தால் நல்ல பெயர் மேலதிகாரிக்குப் போகும். கெட்டால் கோப்பில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவருக்கு மெமோ. தணிக்கை வருவது மூன்று, நான்கு வருடம் கழித்து. அதற்குள் யோசனை சொன்ன அதிகாரி வேறு துறைக்குப் போயிருப்பார். எழுத்தர் அங்கேயே இருப்பார், ஆட்சேபத்துக்குப் பதில் எழுதிக்கொண்டு. கோப்பு மேலே போனால் முதலில் வரும் கேள்வியே ‘இதற்கு முன்னுதாரணம் உண்டா?’ என்பதுதான். புதுமைக்கு எங்கிருந்து முன்னுதாரணம் வரும்?

கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி மனிதர்களுக்குக் கூடுதலாக உறைக்கும் என்று உளவியல் ஆய்வாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதினார்கள். அரசு அலுவலகத்தில் கிடைப்பது ஒரு சான்றிதழ், இழக்கக்கூடியது பதவி உயர்வு. இதில் ஊக்கப் பேச்சு எந்தப் பக்கம் எடை சேர்க்கும், சொல்லுங்கள்.

இதைச் சரியான இடத்தில் பிடித்தது தென்கொரியா என்பது என் கருத்து. மக்கள் நலனுக்காகத் துணிந்து முடிவெடுக்கும் அலுவலரைக் காப்பாற்ற 2019-ல் அங்கே தனி ஆணையே போட்டார்கள். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே தணிக்கைத் தரப்பிடம் கருத்துக் கேட்கலாம். அதன்படி நடந்து பிறகு பலன் சரியாக வராவிட்டாலும், வேண்டுமென்றே செய்த தவறோ பெரிய அலட்சியமோ இல்லாதவரை, நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு உண்டு. நீங்கள் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்தால் நாடு தழுவிய ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். ‘இந்த முறையை என் உத்தரவின்பேரில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை சோதித்துப் பார்க்கிறோம், பிழைகளுக்கு நான் பொறுப்பு’ என்று நடப்புக் கோப்பிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாய்மொழியாகச் சொல்வதற்கு அலுவலகத்தில் மதிப்பு கிடையாது.

அடுத்தது, நான் கண்ணால் பார்த்தது. மனு பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றினோம். மூன்று மாதத்துக்கு மட்டும் இரண்டிலும் பதியுங்கள், சரிபார்க்கத்தான் என்றார்கள். மூன்று மாதம் மூன்று வருடமானது. ஒரே மனுவைப் பெரிய பதிவேட்டில் பேனாவால் ஒரு தடவை, திரையில் ஒரு தடவை எழுத வேண்டும். சர்வர் படுத்தால் துண்டுத்தாளில் குறித்துவைத்து மாலையில் ஏற்ற வேண்டும், அது மூன்றாவது தடவை. ஊழியர்கள் என்ன செய்தார்கள்? பதிவேட்டை ஒழுங்காக எழுதிவிட்டு, கணினியில் வாரக் கடைசியில் ஒப்புக்குத் தட்டினார்கள். தணிக்கைக்காரர் கேட்பது பதிவேட்டைத்தானே. நாங்களோ பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டி மறுபடி மறுபடி பயிற்சி நடத்தினோம். ஒருவர் அதே பயிற்சிக்கு நான்கு முறை வந்து, நான்காவது முறை எனக்கே ஒரு குறுக்குவிசையைச் சொல்லிக்கொடுத்தார். தெரியாமல் இல்லை அவருக்கு, நேரம்தான் இல்லை.

புதிதாக வந்த அதிகாரி ஒருவர் முதல் வாரத்திலேயே கேட்டார்: ‘பதிவேட்டை ஏன் இன்னும் மூடவில்லை?’ மூடலாம் என்று யாரும் எழுதித் தரவில்லை என்றோம். தணிக்கைப் பிரிவோடு பேசினார். திரையிலிருந்து எடுக்கும் அச்சுப்பிரதியையே பதிவேடாக ஏற்க அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினார். அப்புறம் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு ‘இத்துடன் முடிக்கப்பட்டது’ என்று தேதியோடு கையெழுத்திட்டார். ஒரு வாரத்தில் ஒருவரைத் தவிர எல்லோரும் கணினிக்கு வந்துவிட்டார்கள். கூடுதல் பயிற்சி கிடையாது, பரிசு கிடையாது. மூன்று வருடம் எங்கள் குழு போட்ட அத்தனை படக்காட்சிகளும் ஒரு பேனாக் கோட்டுக்கு ஈடாகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆகவே புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையதில் எதை நிறுத்துகிறோம் என்பதையும் அதே உத்தரவில் சொல்லுங்கள். அதைச் சொல்ல முடியாவிட்டால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம், தள்ளிப்போடுங்கள்.

பரிசு, ஊக்கத்தொகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சிறந்த ஊழியர் விருது ஒருவருக்குக் கிடைத்தால், கிடைக்காத ஒன்பது பேரின் முகத்தோடுதான் மறுநாள் முதல் வேலை பார்க்க வேண்டியிருக்கும். யோசனைப் பெட்டியும் அப்படித்தான். போட்ட சீட்டுக்கு ஒரு வரி பதில் வராவிட்டால் இரண்டாவது சீட்டு விழாது. சம்பளத்துக்கு அப்பால், பொதுமக்களுக்குப் பயன்படுகிறோம் என்ற எண்ணமே அரசுப் பணியில் பலரை இயக்குகிறது என்று பெர்ரி, வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-லேயே எழுதினார்கள். அந்த எண்ணம் எங்கள் அலுவலகத்திலும் இருந்தது, கோப்புகளுக்கு அடியில்.

அதை வெளியே எடுக்க இத்தாலியில் ஒரு பொது மருத்துவமனையில் சோதனை செய்தார்கள், 2013-ல் வெளியானது. செவிலியர்கள் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைப் பெட்டியில் அடுக்க வேண்டும். அந்தக் கருவிகளால் பயனடைபவரை நேரில் சந்தித்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம், அதிகக் கவனத்தோடு வேலை செய்தார்கள். நாங்கள் இதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை, தற்செயலாக நடந்தது. இடப் பற்றாக்குறையால் பின்னறை எழுத்தர்கள் சிலரை ஒரு மாதம் மனு வாங்கும் கவுன்டர் பக்கம் உட்காரவைத்தோம். ஒரு சான்றுக்காக நான்காவது தடவையாக வந்து நின்ற முதியவரைப் பார்த்தவர்கள்தான், விண்ணப்பத்தில் இரண்டு இணைப்புகள் வீண் என்று கண்டுபிடித்துக் குறிப்பு எழுதினார்கள். அவர்களை யாரும் புதுமை செய்யச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பத்துத் திட்டங்கள் வந்து போனதைப் பார்த்தவர்கள் அரசு ஊழியர்கள். டென்மார்க் அரசு 2002-ல் தொடங்கிய மைண்ட்லேப் என்ற புதுமை ஆய்வகம், அரசுத் துறைப் புதுமைக்கே உலகம் காட்டிய உதாரணம், அதுவே 2018-ல் மூடப்பட்டது. ‘இதுவும் போகும், பொறு’ என்று ஒருவர் சொன்னால் அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசியாக, எங்கள் பிரிவில் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மூத்த உதவியாளர் ஒருவர். பதிவேட்டை மூடிய பிறகும் மென்பொருளைத் தொட மாட்டேன் என்றார். ‘எதிர்ப்பாளர்’ என்று எங்கள் குழுவின் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் மேடம் என்று கேட்டேன். பழைய பதிவேட்டைத் திறந்து ஓரத்தைக் காட்டினார். பொடிப்பொடியாகப் பென்சில் குறிப்புகள். ‘இவரும் மேலே இருப்பவரும் வேறு, அப்பா பெயரும் ஒன்றே’, ‘காது கேட்காது, மகளிடம் சொல்லவும்’.

‘தம்பி, உங்க திரையில இதை எங்க எழுதுறது?’

எழுத இடம் இல்லை. ஆறு மாதம் உட்கார்ந்து வடிவமைத்தும், எங்களில் ஒருவர்கூட அந்த ஓரத்தைப் பார்க்கவில்லை. அடுத்த பதிப்பில் ஒரு குறிப்புக் கட்டம் சேர்த்தோம், முதல் பதிவை அவரே தட்டச்சு செய்தார். மென்பொருளில் அதன் பெயர் ‘கூடுதல் விவரம்’. அலுவலகத்தில் எல்லோரும் பென்சில் கட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.