கள்ளு ஷாப்பில் சாப்பாடு மட்டும் கேட்கலாமா?

கேரளத்தில் ஆலப்புழை பக்கத்துக் குட்டநாட்டுக் கள்ளு ஷாப்புகளில் மீன்கறி சாப்பிட்டதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில:

டிசம்பரில் குடும்பத்தோடு ஆலப்புழை போகிறோம். கணவர் கொஞ்சம் குடிப்பார். நானும் மாமியாரும் தொட மாட்டோம். சாப்பிடுவதற்காக மட்டும் நாங்கள் ஷாப்புக்குள் போகலாமா?
— திருப்பூர் வாசகி

தாராளமாகப் போகலாம். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகத் தனி அறை போட்ட ஷாப்புகள் நிறைய இருக்கின்றன. முன்கூடத்தில் ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். "ஃபேமிலி ரூம் உண்டோ?" என்று கேளுங்கள், பின்பக்கமாகக் கூட்டிப் போவார்கள். பகல் பன்னிரண்டரை மணிக்குப் போவது நல்லது. கறியும் இருக்கும், இடமும் இருக்கும்.

நான் மீன்வலை விற்கிற வேலையில் 27 வருடம் தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் அலைந்தவன். முதன்முதலில் என்னை ஷாப்புக்குக் கூட்டிப் போனவர் தோட்டப்பள்ளியில் ஒரு வள்ளக்காரர் (நாட்டுப்படகுக்காரர்). வலைக்குப் பாக்கி வாங்கப் போயிருந்தேன். "பணம் அப்புறம், முதலில் சாப்பிடு" என்று உட்காரவைத்தார். அவித்த கப்ப, அதாவது மரவள்ளிக்கிழங்கு, ஒரு தட்டு. பக்கத்தில் மண்சட்டியில் மத்திக்கறி. முந்தின நாள் வைத்த கறி. குடம்புளியைப் புகையில் உலர்த்தி வைப்பார்கள், அதனால் அந்தப் புளிப்புக்குள்ளே ஒரு புகை வாசம் இருக்கும். நம் புளி மாதிரி நாக்கைப் பிடிக்காது. ஓர் இரவு ஊறிவிட்டால் மீனுக்குள்ளே இறங்கிவிடும். அன்று நான் கள்ளைத் தொடவே இல்லை. இரண்டாவது தட்டு கப்ப கேட்டு வாங்கினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. கள் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் ஷாப்புக்காரர்கள் இவ்வளவு காரமாகச் சமைக்கத் தொடங்கினார்கள் என்பது என் எண்ணம். இன்றைக்கு அந்தச் சமையலுக்காகவே ஆட்கள் வருகிறார்கள்.

உட்கார்ந்ததும் "இந்நு எந்து மீனுண்டு?" என்று கேளுங்கள். அன்று வந்த மீனின் பெயரைச் சொல்வார்கள், அதை வாங்குங்கள். கக்கா இறைச்சி இருந்தால் விடாதீர்கள். காயலில் எடுத்த சிப்பிச் சதையைத் தேங்காய்ப் பல்லோடு வறட்டியிருப்பார்கள். தாறாவு ரோஸ்ட் என்பது வாத்துக்கறி, அதுவும் குட்டநாட்டுப் பெருமை. கரிமீன் பொள்ளிச்சது வாழையிலையில் மடித்து வரும். ருசிதான், ஆனால் முள் அதிகம். மாமியாருக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள். காரம் தாங்குகிறவர் என்றால் கப்பயோடு காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) கேளுங்கள். சின்ன வெங்காயமும் மிளகாயும் உப்பும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் ஊற்றியது. எனக்கு அது ஒன்றே போதும்.

ஜூன் மாதம் போனால் மீன் கிடைக்காது என்கிறார்களே?
— சேலம் வாசகர்

பாதி உண்மை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நம் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆனால் கேரளத்தில் பாரம்பரிய வள்ளங்களுக்குத் தடை கிடையாது. மழைக்காலத்தில் அவர்கள் வலையில் மத்தி விழுந்தால் கரையே கலகலப்பாகிவிடும். காயல் மீனும் கக்காவும் எப்போதும் போல வரும். அந்த மாதங்களில் ஷாப்பில் நெய்மீன் (நம் வஞ்சிரம்) வேண்டும் என்று அடம்பிடிக்காமல் மத்தியைக் கேளுங்கள்.

காலையில் குடித்த கள் இனிப்பாக இருந்தது. அதே கடையில் மாலையில் குடித்தது புளித்தது. கலப்படமா?
— மதுரை வாசகர்

புளித்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. கள்ளின் குணம் அது. பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். இறக்கிய சில மணி நேரத்தில் பீர் அளவுக்குப் போதை ஏறும், இனிப்பு குறையும். ஒரு நாள் விட்டால் காடிதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பது நின்றுபோகும், அதுதான் நம் பதநீர். ஷாப்பில் இனிப்பை 'மதுரக்கள்ளு' என்றும், புளித்ததை 'மூத்தது' என்றும் சொல்வார்கள். வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், கேரளத்தில் குடிக்க 23 வயது ஆகியிருக்க வேண்டும்.

மகனைப் பார்க்க ஜெர்மனியில் மியூனிக் போகிறேன். அங்குள்ள பீர் தோட்டங்களில் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?
— சென்னை வாசகர்

வீட்டுச் சாப்பாட்டையே கட்டிக்கொண்டு போங்கள். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் எடுத்துப் போய்க் கஷ்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். 1812இல் பவேரிய மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன், பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் நிலவறை வாசலிலேயே பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு உணவு விற்கக்கூடாது என்று ஆணையிட்டார். மற்ற விடுதிக்காரர்களின் பிழைப்பு கெடக்கூடாது என்பதற்காக. அதனால் ஜனங்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே உணவும் விற்கிறார்கள், ஆனாலும் அந்த வழக்கம் மாறவில்லை. மேசைவிரிப்பு போட்ட மேசையில் மட்டும் டப்பாவைத் திறக்காதீர்கள், அது பரிமாறுகிற பகுதி. குடிப்பதை அங்கேதான் வாங்க வேண்டும். 'மாஸ்' என்றால் ஒரு லிட்டர், நமக்கு அதிகம். பீரும் எலுமிச்சை சோடாவும் சமமாகக் கலந்த 'ராட்லர்' கேளுங்கள்.

வெளியூரையே புகழ்கிறீர்கள். நம் ஊர் பாரில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா?
— விருதுநகர் வாசகர்

பல இடங்களில் முடியவில்லை. அது எனக்கும் வருத்தம்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இல்லை. கடை போனதோடு கடையை ஒட்டி இருந்த அடுப்பும் போய்விட்டது. என் அப்பா பனங்கள்ளுக்குச் சுட்ட கருவாடு வைத்துச் சாப்பிட்டவர். அந்த வாசம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று நாம் குடிக்கிறவனை ஒளிந்து குடிக்க வைக்கிறோம். ஒளிந்து குடிக்கிறவன் வேகமாகக் குடிக்கிறான், சாப்பிடாமல் குடிக்கிறான். கழுவிய டம்ளர், நல்ல தண்ணீர், சூடான ஒரு தட்டு, இவ்வளவுதான் கேட்கிறேன். ஒரு பாரில் ஆறிப்போன முட்டைப் பொரியல் சாப்பிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். அதிலிருந்து கண்முன்னே கல்லில் போட்டுத் தருவதைத்தான் வாங்குவேன். வாசலில் தள்ளுவண்டி போட்டுக் காடை வறுவலும் ஆம்லெட்டும் போடுகிறவர்களில் அருமையான கைகள் இருக்கின்றன. அவர்களுக்கு உள்ளே ஓர் இடம் கொடுத்தால் போதும், பாதிக் குறை தீரும்.

ஒரு பாட்டில் கள்தானே, கார் ஓட்டலாமா?
— தேனி வாசகர்

கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஷாப்புக்குப் போகும்போதே ஆட்டோவில் போங்கள். திரும்பும் நேரத்தைச் சொல்லி, ஆட்டோக்காரருக்கும் ஒரு தட்டு கப்பயும் மீன்கறியும் வாங்கிக் கொடுங்கள், காத்திருப்பார்.