எம்-புக்கில் 120 மீட்டர், தெருவில் எவ்வளவு?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் போன வருடம் போட்ட சிமெண்ட் சாலை ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை. பலகையில் 120 மீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். நடந்து பார்த்தால் அவ்வளவு தூரம் வரவில்லை. காண்ட்ராக்ட் எடுத்தவர் அப்போதைய தலைவரின் மைத்துனர். தெருவிளக்கு, மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர் என்று மாதாமாதம் பில் வேறு. பெயர் போடாமல் கலெக்டர் உட்பட நான்கு இடங்களுக்கு எழுதினேன். நான்கு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. ஊராட்சியில் வேலை செய்யும் ஒருவர் எம்-புக் (செய்த வேலையின் அளவுகளை எழுதும் அளவுப் புத்தகம்) பக்கத்தை போனில் படமெடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை வைத்து லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாமா? நானும் அதே தெருவில் குடியிருப்பவன் என்பதால் தயக்கமாக இருக்கிறது.
— பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: முதலில் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். வாட்ஸப்பில் போடுவது கூடவே கூடாது. அளவுப் புத்தகம் ஓவர்சியர், ஒன்றியப் பொறியாளர், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகக் கணக்குப் பிரிவு என்று நாலைந்து கைகளில்தான் புழங்கும். படத்தின் ஓரத்தில் தெரியும் மேசையையோ விரலையோ வைத்தே எடுத்தவர் யார் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலை போவது அவருக்கு. உங்களுக்கும் அதனால் பெரிய லாபமில்லை. "இது எங்கள் பதிவேடே இல்லை" என்று ஒரு வரியில் மறுத்துவிடலாம். அந்தப் படத்தின் உபயோகம் ஒன்றே ஒன்றுதான்: எந்த எம்-புக், எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதே பக்கத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சான்றிட்ட நகலாக வாங்குங்கள். அப்புறம் அது அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆவணம்.

உங்கள் மொட்டைக் கடிதங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பெரும்பாலும் அப்படியே கோப்பில் படுத்திருக்கும். பெயர் போட்டு எழுதியிருந்தாலும்கூட வழி ஏறக்குறைய இதுதான்: கலெக்டர் அலுவலகத்திலிருந்து பிடிஓவுக்கு, பிடிஓவிடமிருந்து ஓவர்சியருக்கு. அந்தச் சாலையை அளந்து எம்-புக்கில் எழுதியவரே "புகாரில் உண்மை இல்லை" என்று அறிக்கை தருவார்; மனு முடிக்கப்படும். முதல்வரின் உதவி மையமான 1100க்கு போன் செய்தாலும், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும், பத்து இடங்களுக்கு நகல் போட்டாலும் கடைசியில் பத்தும் அதே மேசைக்குத்தான் வந்து சேரும். இதை உடைக்க இரண்டே வழி. புகாரில் மறுக்க முடியாத எண்கள் இருக்க வேண்டும். விசாரிப்பவர் அந்த ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும்.

எண்களைத் தேடுவோம். தகவல் மனுவை 'பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம்' என்று முகவரியிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. நகலுக்கு ஒரு பக்கம் 2 ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை; சட்டத்தின் 6(2) பிரிவே அப்படித்தான் சொல்கிறது. இதில் பலரும் சறுக்குவது கேள்வி கேட்கும் விதத்தில். "ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?" என்று எழுதினால், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். "பத்து வருடத்து எல்லாப் பணிகளின் விவரமும் வேண்டும்" என்றாலும் இழுத்தடிப்பார்கள். ஒரே ஒரு பணியைப் பெயர் சொல்லி, இவற்றின் நகல் மட்டும் கேளுங்கள்: நிர்வாக அனுமதி, எஸ்டிமேட், பணி நடக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம், ஒப்பந்தப்புள்ளிகளும் அவற்றின் ஒப்பீட்டுப் பட்டியலும், பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பணம் வழங்கிய வவுச்சர், பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள்.

வரைபடத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே சாலைக்கு இரண்டு திட்டத்தில் பில் போடும் வழக்கம் உண்டு. ஒன்றில் 'தெற்குத் தெரு', மற்றொன்றில் 'கோயில் முதல் நூலகம் வரை' என்று இருக்கும். பெயரை மட்டும் பார்த்தால் இரண்டு சாலை, இடத்தைப் பார்த்தால் ஒன்று. நிதிக்குழு மானியத்தில் செய்த பணி என்றால் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரில் போய்ப் பாருங்கள். செலவு விவரம் அங்கேயே கிடைக்கும். அதற்கு மனுவே தேவையில்லை.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. கெடு தாண்டிக் கொடுக்கும் நகலுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது. ஆணையம் வரை போனால் காலம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் மேல்முறையீடு என்ற வார்த்தையைப் பார்த்ததுமே பாதி அலுவலகங்கள் நகலைக் கொடுத்துவிடும். ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து போகும் என்பது அவருக்குத் தெரியும்.

மனு போடுபவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியக் குடிமகன் யாரும் எந்த ஊராட்சியைப் பற்றியும் கேட்கலாம். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் தயக்கத்துக்கு இந்தக் கட்டத்தில் அதுதான் மருந்து.

நகல் வருவதற்குள் சாலையை அளந்துவிடுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். தகவல் மனு போன செய்தி பரவினால் மேலே ஒரு பூச்சுப் பூசி மறைத்துவிடுவார்கள். பணி விவரப் பலகையைப் படமெடுங்கள். அதற்குச் சுண்ணாம்பு அடிப்பதும் நடக்கிற காரியம்தான். 30 மீட்டர் டேப் வாங்கி, தொடங்கும் இடம் முதல் முடியும் இடம் வரை நடுக்கோட்டில் நீளம் அளங்கள். அகலத்தை ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாமல் 10 மீட்டருக்கு ஒரு தடவை அளந்து சராசரி எடுங்கள். டேப் தெரியும்படி ஒவ்வொரு இடத்திலும் படம்.

கனம்தான் ஏமாற்றும். சாலையின் ஓரத்தில் தெரியும் பக்கவாட்டை அளந்துவிட்டு "15 செ.மீ. இருக்கிறதே" என்று நம்பிவிடாதீர்கள். ஓரத்தில் பலகை கட்டி ஊற்றும் இடத்தில் கனம் சரியாக இருக்கும். கெட்டியான மண்ணை மேடாகவே விட்டு நடுவில் மெலிதாக ஊற்றுவது பழைய வித்தை. நடுவில் பெயர்ந்து குழியான இடத்தில் உடைந்த விளிம்பை அளங்கள். நீங்களாகக் கடப்பாரை போட்டு உடைக்கக் கூடாது. அரசுச் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று உங்கள் மீதே வழக்கு வரும். உறுதியான கனம் வேண்டுமென்றால் விசாரணை அதிகாரி முன்னிலையில் கோர் எடுக்க வேண்டும், அதாவது இயந்திரத்தால் உருளையாகத் துளைத்து எடுத்து அளப்பது. அதைப் புகாரிலேயே கேளுங்கள். தகவல் சட்டத்தின் 2(ஜெ) பிரிவில் பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றிட்ட மாதிரி பெறவும் உங்களுக்கே உரிமை இருக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்தாத பிரிவு அது.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு மாதிரி பாருங்கள். எம்-புக்கில் நீளம் 120 மீ., அகலம் 3 மீ., கனம் 0.15 மீ. என்று இருந்தால் கான்கிரீட் 54 கனமீட்டர். தெருவில் 105 மீ., 2.8 மீ., 0.10 மீ. என்று வந்தால் 29.4 கனமீட்டர். குறைவது 24.6 கனமீட்டர். எம்20 என்ற தரக் கான்கிரீட் கலவைக்குக் கனமீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட் போகும். ஆக கிட்டத்தட்ட 200 மூட்டை சிமெண்ட், அதற்கான ஜல்லி, மணலோடு, காகிதத்தில் மட்டும் இருக்கிறது. "சாலை தரமில்லை" என்ற வாக்கியத்துக்கு ஓவர்சியரிடம் நூறு பதில் உண்டு. வெயில், மழை, டிராக்டர் என்று அடுக்குவார். 24.6 கனமீட்டருக்கு அவரும் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாக வேண்டும்.

விளக்கு, பவுடர், மோட்டார் மூன்றையும் இந்தப் புகாரில் சேர்க்காதீர்கள். ஒன்றை மறுத்துவிட்டால் நான்கும் பொய் என்று முடித்துவிடுவார்கள். தனி மனு போட்டு, பொருள் வாங்கிய பில்லையும் இருப்புப் பதிவேட்டையும் கேட்டு, விளக்கைக் கம்பம் கம்பமாக எண்ணிப் பாருங்கள். மோட்டார் என்றால் எந்த ஆழ்துளைக் கிணறு, எத்தனை குதிரைத்திறன், எத்தனை தடவை காயில் கட்டியது என்று பில்லில் பாருங்கள். ஒரே மோட்டார் மூன்று மாதத்தில் மூன்று முறை எரிந்திருந்தால், அந்த நாட்களில் தெருவில் தண்ணீர் வந்ததா என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் போதும். பவுடரை மட்டும் பிடிப்பது கஷ்டம். தூவியது கரைந்துவிட்டது என்பார்கள். தலைவரின் மைத்துனர் என்பதையும் பெரிதாக்க வேண்டாம். உறவு மட்டும் குற்றமாகாது. போட்டிக்கு வந்த மற்ற ஒப்பந்தப்புள்ளிகள் ஒரே கையெழுத்தில், ஒரே எழுத்துப் பிழையோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உறவைவிட அது வலுவான சாட்சி.

புகார் ஒரு பக்கம் போதும். பணியின் பெயர், வருடம், திட்டம், எம்-புக் எண், பக்கம். அதில் உள்ள அளவு, நீங்கள் அளந்த அளவு, அளந்த தேதி, வித்தியாசம். இணைப்பாக நகல்களும் படங்களும். 'திருடன்', 'கொள்ளை' என்ற சொற்கள் வேண்டாம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதையே ஊர் வாட்ஸப் குழுவில் போட்டால் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. முகவரி மாவட்ட ஆட்சியருக்கு, ஆனால் 'ஊராட்சிகளின் ஆய்வாளர்' என்ற பதவியையும் சேர்த்து எழுதுங்கள். 1994ஆம் வருட ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அந்தப் பதவிக்குத்தான். தலைவர் பதவியில் இருந்தால் 205ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நீக்கம் வரை போகலாம். கேள்வியில் 'அப்போதைய தலைவர்' என்கிறீர்கள். பதவி போய்விட்டால் நீக்க ஒன்றுமில்லை, ஆனால் தொகையை வசூலிக்கவும் அளந்த அலுவலர்கள் மீது துறை நடவடிக்கை எடுக்கவும் கேட்கலாம். கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "இப்பணியை அளவிட்ட அலுவலர் தவிர்த்து, வேறு ஒன்றியப் பொறியாளர் அல்லது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் செயற்பொறியாளர் மூலம், எனக்கு முன்னறிவிப்புத் தந்து, என் முன்னிலையில் அளவிட வேண்டுகிறேன்." நேரில் கொடுத்தால் மனு எண்ணோடு ஒப்புகை வாங்குங்கள்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சியில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: உங்களுக்கு 2014ஆம் வருடச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது, ஆவணத்தோடு அங்கே போகலாம்.

லஞ்ச ஒழிப்புத் துறையைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டு வரி போட, குடிநீர் இணைப்புக்கு, பில் பாஸ் செய்ய என்று ஒருவர் பணம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர்கள் வேகமாக வருவார்கள். கொடுப்பதற்கு முன்பே போக வேண்டும். நோட்டில் பினாப்தலின் பவுடர் தடவி, வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கி, இளஞ்சிவப்பாக மாறுவதைச் சாட்சியாக எடுப்பது அவர்கள் தினப்படி வேலை. கட்டாயத்தின்பேரில் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர், கொடுத்த 7 நாளுக்குள் தகவல் சொன்னால் கொடுத்ததற்கான குற்றத்திலிருந்து விலக்கு உண்டு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். உங்களுடையது முடிந்துபோன பணியின் கணக்கு. அலுவலர்கள் எடுத்த முடிவுகளை விசாரிக்க அதே சட்டத்தின் 17ஏ பிரிவில் அரசின் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அங்கே கோப்பு மெதுவாகத்தான் நகரும். போலி வவுச்சர், இரட்டை பில் என்று மோசடி ஆவணம் கையில் சிக்கினால் போங்கள். தண்ணீர் வராத இடத்தில் தொட்டி கட்டினார்கள் என்பது போன்ற வீண் செலவுக்கு அது இடமல்ல; அதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை.

கிராம சபையைச் சடங்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. அங்கே வரவு செலவை 'படிவம் 30' என்ற பெயரில் வைத்தாக வேண்டும். ஆனால் விறுவிறு என்று வாசித்துத் தாண்டிவிடுவார்கள். "அந்தச் சாலைக்கு எவ்வளவு என்று மறுபடி வாசியுங்கள்" என்று ஒருவர் கேட்டு, அதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வைத்தால் போதும். நாலு பேர் சேர்ந்து கேட்டால் உங்கள் பெயர் தனியாக நிற்காது. பெயர் விஷயத்தில் உங்களுக்குப் பொய் தைரியம் சொல்ல விரும்பவில்லை: புகார் தருவோரைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பெயர் வெளியே போகாது என்று எந்த அதிகாரியும் உறுதி தர முடியாது. அதனால்தான் அளவும் நகலும் கைக்கு வரும் வரை வெளியூர் ஆள், பிறகு தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்திட்ட கூட்டு மனு என்ற வரிசையைச் சொல்கிறோம்.

கலெக்டரிடம் மனு கொடுத்து மாதக்கணக்கில் அசைவில்லை என்றால், "எங்கள் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. ஒப்புகை இல்லாமல் அங்கே நிற்க முடியாது.

விசாரணைக்கு ஆள் வரும் நாளில் உங்கள் டேப்பையும் எடுத்துப் போங்கள். அவர்கள் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையை உங்கள் ஆள் பிடிக்கட்டும். டேப் தொங்கினாலும் வளைந்தாலும் நீளம் கூடும். அளந்து முடித்ததும் ஒரு தாளை நீட்டி "வந்து பார்த்தோம் என்பதற்கு ஒரு கையெழுத்து" என்பார்கள். மேலே எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள். 'விசாரணையில் திருப்தி', 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்ற வரி நடுவில் நுழைந்திருக்கும். அன்று எடுத்த நீளம், அகலம், கனம் மூன்றும் எண்ணிலும் எழுத்திலும் அந்தத் தாளில் இருந்தால், கீழே வெற்றிடம் விடாமல் கோடிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் "அளவுகள் குறிக்கப்படவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்திட்டு, தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.