கோடையில் ஒரே நாளில் இடைக்கால ஊர்களையும் ஒரு மலைக்கோட்டையையும் பார்க்க ஐரோப்பாவில் எங்கே போகலாம்?

கிழக்கு ஸ்லோவாக்கியாவின் ஸ்பிஷ் வட்டாரத்துக்குப் போங்கள். போன ஜூலையில் போப்ராத் நகரில் தங்கி, காலையில் பஸ் பிடித்து லெவோச்சா, பிறகு ஸ்பிஷ்ஸ்கா கபிதுலா, மாலையில் ஸ்பிஷ் கோட்டை என்று ஒரே நாளில் பார்த்துத் திரும்பினேன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

லெவோச்சா வியாபாரிகளின் ஊர். இந்த வட்டாரம் அன்று ஹங்கேரி அரசில் இருந்தது. வெளியூர் வணிகர்கள் இந்த வழியாக வந்தால் வண்டியை நிறுத்தி, சரக்கை இங்கே விற்பனைக்கு வைத்த பிறகே மேலே போகலாம் என்ற உரிமையை 1321இல் மன்னர் சார்லஸ் ராபர்ட் இந்த ஊருக்குக் கொடுத்தார். சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் வீடுகளையும் மதிலையும் பார்த்தால் அந்த உரிமை எவ்வளவு பணம் கொட்டியிருக்கும் என்று விளங்கும்.

அந்தப் பணத்தின் உச்சம் புனித யாக்கோபு ஆலயத்துக்குள் இருக்கிறது. சிற்பி பாவோலின் பட்டறையில் லிண்டன் மரத்தில் செதுக்கி, 1517 வாக்கில் முடித்த பலிபீடம், உயரம் 18.6 மீட்டர். எல்லோரும் கழுத்து வலிக்க மேலே பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து அடித்தட்டைப் பாருங்கள். இயேசுவின் கடைசி இராவுணவு அங்கே இருக்கிறது. அவர்மேல் சாய்ந்து சீடர் யோவான் அயர்ந்து தூங்குகிறார். சுற்றிலும் இருப்பவர்களின் முகங்களோ சந்தைக்கு வந்த ஊர்ப் பெரியவர்களின் முகங்கள். அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

வெளியே பழைய நகர மண்டபத்தின் பக்கத்தில் ஓர் இரும்புக் கூண்டு இருக்கிறது. நடத்தை சரியில்லை என்று பழி சுமத்திய பெண்களை அதற்குள் நிறுத்தி ஊரார் முன் அவமானப்படுத்தியிருக்கிறார்கள். அதன் முன் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்க எனக்கு மனம் கசந்தது.

அடுத்து கபிதுலா. பலரும் இதை விட்டுவிட்டு நேரே கோட்டைக்குப் போகிறார்கள், பெரிய இழப்பு. மதிலுக்குள் ஒரே ஒரு தெரு, இருபுறமும் குருமார்களின் வீடுகள், மேல்கோடியில் இரட்டைக் கோபுரத்துடன் புனித மார்ட்டின் பேராலயம். தெருவில் என் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆலயச் சுவரில் 1317இல் தீட்டிய ஓவியம் ஒன்றில் ஓர் அரசர் முடிசூடுகிறார். அவர்தான் லெவோச்சாவுக்குச் சந்தை உரிமை கொடுத்த அதே சார்லஸ் ராபர்ட். காலையில் காசு பெருகக் காரணமாக இருந்தவரை மதியம் கோயில் சுவரில் பார்த்ததும் இந்த நாட்டின் வரலாறு எனக்கு ஒரே கதையாகக் கூடிவந்தது.

கோட்டை எதிர்க்குன்றில் இருக்கிறது. ஏற்றத்தில் மருந்துக்கும் நிழல் கிடையாது. மாலையில் ஏறச் சொல்வது அதனால்தான். தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும். சுமார் 4 ஹெக்டேர் பரந்த கோட்டை. 1241இல் மங்கோலியர் படையெடுப்புக்குத் தாக்குப்பிடித்தது, 1780இல் தீயில் வெந்தது. அதன் பிறகு பாழடைந்தது. அது நிற்கும் பாறை டிராவர்டைன், நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு இறுகி உண்டான கல். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சிறு சிறு துளைகள் தட்டுப்படும். வெயில் இறங்கிய பிறகும் இளஞ்சூடு இருக்கும்.

உச்சிக் கோபுரத்தின் குறுகிய படிகளில் ஏறினால் கீழே கபிதுலாவின் இரட்டைக் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். வானம் தெளிந்திருந்தால் தொலைவில் டட்ரா மலைத்தொடரும் தெரியும். மூன்று மதில்கள், மூன்று அதிகாரங்கள்: வியாபாரி, குரு, படைத்தலைவன். முதல் இரண்டையும் நடந்து பார்த்துவிட்டு வந்தவருக்குத்தான் அந்தக் காட்சி பேசும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பஸ்கள் குறைவு. நான் அப்படிப் போய், திரும்பும் பஸ்ஸுக்காக அடிவாரத்து ஊரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விளக்கொளியில் அந்தக் கோட்டையைப் பார்க்கக் கிடைத்தது அப்போதுதான்.