பத்திரத்தை அடமானம் வைக்கும் முன்

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு நிலத்தின் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டே நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்கள், ஐயா. மகளுக்குச் சென்னையில் கணினிப் பொறியியல் இடம் பேசியாகிவிட்டது என்றும், நன்கொடையை உடனே கட்டச் சொல்லி மைத்துனர் நெருக்குகிறார் என்றும் சொன்னீர்கள். பதற வேண்டாம் என்று மட்டும் அன்று சொல்லி அனுப்பியது போதாது. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

உங்கள் மகள் என்னிடம் மதிப்பெண் பட்டியலை நீட்டவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையைத் திறந்தபோது, தென்பெண்ணைக் கரைக்கு வந்த எச்சரிக்கை கன அடிக் கணக்கில் இருந்தது; தண்ணீர் எதுவரை ஏறும் என்பது அதில் விளங்காது. முந்தைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று பெரியவர்களிடம் விசாரித்து, "கோயில் இரண்டாம் படி வரை தண்ணீர் வரலாம், மாடுகளை இப்போதே மேட்டுக்கு ஓட்டுங்கள்" என்று ரேஷன் கடைச் சுவரில் அவள் சாக்கட்டியால் எழுதியிருக்கிறாள். அந்தச் சுவரின் படம்தான் அது.

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளாட்சிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் திட்டமிடலிலும் மக்கள் தொடர்பிலும் துணைநிற்கும் சிறு ஆலோசனை நிறுவனங்களில் பெரும்பாலும் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். ஒருவர் அரசாணையையும் வரவு செலவுத் திட்டத்தையும் வரிவரியாகப் படிப்பார். ஒருவர் தெருவில் நின்று கேட்பார். ஒருவர் வரைபடம் போடுவார். ஒருவர், ஆயா ஒருமுறை கேட்டாலே புரியும் தமிழில் எழுதுவார். குப்பையைத் தரம் பிரிக்கும் திட்டமென்றால், துண்டறிக்கை அச்சிடுவதற்கு முன் விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்களோடு வண்டிக்குப் பின்னால் நடப்பார்கள். மீனவக் குப்பத்தில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால், கூடையோடு சந்தைக்குப் போன பெண்கள் வர முடியாது என்பதை அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்பவர்களும் இவர்களே. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஆலை போன்ற திட்டங்கள் பற்றிய பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முப்பது நாள் முன்னறிவிப்பும் உள்ளூர் மொழியில் சுருக்கமும் வேண்டும் என்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் அருகே வாழும் கடலூர்க்காரர்களுக்கு அந்தச் சுருக்கம் தெளிவாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அரசு கலைக் கல்லூரியில் பொருளியலோ அரசியல் அறிவியலோ படிக்கட்டும். பிறகு காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை இதழியல், மக்கள் தொடர்பியல் பக்கம் போகலாம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் இளங்கலை முடியும்வரை மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கும், திட்டம் முடிந்தால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டிவரும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் காத்திருப்பைத் தாங்க நிலம் உங்கள் கையில் இருக்கும். விருப்பமில்லாத படிப்புக்காக வாங்கும் கடனோ, அவள் படிப்பை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் வட்டி கேட்கும். நிறுவனத்தில் சேரும்போது, பணம் யார் தருகிறார்கள், தேர்தல் பிரசார வேலையா என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். அவளை அழைத்துப் போய் உட்கார வையுங்கள். அங்கே பேசப்பட்டதை ஒரு பக்கத்தில் அவள் எழுதட்டும், அதை என்னிடம் கொண்டுவாருங்கள். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.