பள்ளிக்கூடம் முடிந்த மறுநாள் காலையில்

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை அறிவுசார் குறைபாடு உள்ள உங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். "பத்தாவது எப்படியாவது எழுதிடுவான் சார், அப்புறம் என்ன படிக்க வைக்கிறது?" என்று கேட்டீர்கள். அன்று பாதியில் நின்றுபோன பேச்சைத்தான் இப்போது எழுதி அனுப்புகிறேன்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவன் என் மேசையில் கிடந்த பேனாக்களை நிறம் பார்த்துப் பிரித்தான். மூடிகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கினான். மூடி இல்லாத பேனா ஒன்று வந்ததும் அதை மட்டும் தள்ளி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நீங்கள் "சார் சாமானைத் தொடாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அவன் ஐ.க்யூ. அறிக்கையில் எனக்குக் கிடைக்காதது அந்த இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. குறையுள்ள பொருளைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைக்கிற பிள்ளைக்குப் பேக்கிங்கிலும் பொருள் பிரிக்கிற வேலையிலும் நிச்சயம் இடம் இருக்கிறது.

அதனால் என்ன படிப்பு என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பள்ளிக்கூடம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் எங்கே கிளம்புவான்? முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பள்ளி நாட்களில் 21ஜி பஸ்ஸில் தனியாகப் போய்வருவாள். பள்ளி முடிந்ததும் "நல்ல இடமா பார்ப்போம்" என்று வீட்டில் இரண்டு வருஷம் உட்கார வைத்தார்கள். இடம் கிடைத்தபோது அவளுக்குத் தெருமுனை வரை தனியாகப் போகவே பயம். மறுபடி பழக்க ஏழு மாதம் ஆயிற்று. இந்தப் பிள்ளைகள் கற்றதைத் தினமும் செய்தால்தான் கையில் நிற்கும்.

பத்தாவது தேர்வை எழுதட்டும். எழுத ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி மூலம் இப்போதே விண்ணப்பியுங்கள். பாடம் பாரமாக இருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே சேர்க்கை ஐந்து வருஷம் செல்லும், ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம். ஆனால் சான்றிதழுக்காக வருஷங்களை எல்லாம் டியூஷனில் கழித்துவிடாதீர்கள். தானே குளித்துக் கிளம்புவது, நூறு ரூபாய் கொடுத்து மீதி வாங்குவது, வயிறு வலித்தால் வெளியாளிடம் சொல்வது எல்லாம் வேலை கொடுப்பவர் மார்க் ஷீட்டுக்கு முன்னால் பார்க்கிறவை.

அடுத்த விடுமுறையில் கிண்டியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையத்துக்குக் கூட்டிப்போங்கள். எந்த வேலை ஒத்துவரும் என்று அங்கே செய்ய வைத்துப் பார்ப்பார்கள். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசு நிறுவனத்தில் தொழில் பயிற்சி பற்றியும் விசாரியுங்கள். அரசு வேலையையும் கேட்டீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இட ஒதுக்கீடு 4 சதவீதம். அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களுக்கும் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் சேர்த்து. பதிந்து வையுங்கள், அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். (உங்கள் தங்கை மகளுக்கு இருப்பது கற்றல் குறைபாடு மட்டும் என்றீர்கள். அவள் பாதை வேறு. மருத்துவ மதிப்பீட்டில் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அரசுக் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அவள் தாராளமாகக் கல்லூரிக்குப் போகலாம்.)

இனிச் சொல்லப்போவதைத்தான் பெரும்பாலான பெற்றோர் தவறவிடுகிறார்கள். இவனுக்கு 18 வயது நிறைந்த அன்று, அம்மா என்பதால் மட்டும் இவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை உங்களுக்கு இருக்காது. வங்கிக் கணக்கும் சொத்து விவகாரமும் அங்கேதான் தடைபடும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களின் நலனுக்கான 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இவன் வருகிறான். ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுத்துப் பாதுகாவலர் நியமனம் பெறலாம். எதற்கெல்லாம் உண்மையில் பாதுகாவலர் தேவை என்று மட்டும் யோசித்துச் செய்யுங்கள். சட்டை நிறத்தையும் சாப்பாட்டையும் இவனே சொல்கிறான், அந்தக் குரலை நாம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

இவன் அப்பா 1999இல் அரசுப் பணியில் சேர்ந்தவர் என்றீர்கள். அதனால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறார். சம்பாதித்துப் பிழைக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே மகன் பெயரையும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழையும் அலுவலகப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு அலைவது கொடுமை.

"என் காலம் வரைக்கும் நானே பார்த்துக்குவேன் சார்" என்று எழுந்துபோகும்போது சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் நடுங்கியது எனக்குத் தெரியும். உங்கள் காலத்துக்குப் பின்னும் இவன் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடுத்த முறை வரும்போது அவனுடைய மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டையும் சிறப்பாசிரியரிடம் ஒரு குறிப்பும் எடுத்து வாருங்கள். பஸ்ஸில் இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் அவனே சொல்லட்டும். திணறினாலும் பத்து எண்ணும் வரை நீங்கள் வாய் திறக்காமல் இருங்கள்.