அலெக்ஸ் ஜேம்ஸ் அதிகம் கோல் அடிக்காமலே எப்படிப் பெரிய ஆட்டக்காரர் ஆனார்?

ஜேம்ஸ் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கால்பந்து வீரர். 1929-ல் லண்டனின் ஆர்சனல் அணியில் சேர்ந்தபோது அவர் இன்சைடு ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையின் நடுவில் ஆடும் சென்டர் ஃபார்வர்டுக்குப் பக்கத்தில் ஆடுபவர். 1925-ல் ஆஃப்சைடு விதி, அதாவது எதிரணித் தற்காப்பைத் தாண்டி நின்று பந்தை வாங்கக் கூடாது என்ற விதி, தளர்ந்ததும் எங்கும் கோல்கள் குவிந்தன. அதைச் சமாளிக்க ஆர்சனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், நடுக்களத்தில் ஆடும் சென்டர் ஹாஃப்பைத் தற்காப்புக்கு இழுத்துக்கொண்டார். அதனால் நடுவில் விழுந்த ஓட்டையை அடைக்க ஜேம்ஸ் பின்னால் இறங்கினார். தொளதொளவென்று முழங்காலைத் தொடும் கால்சட்டையோடு பந்தை வாங்கி, நிமிர்ந்து பார்த்து, இடது ஓரம் ஓடும் சக வீரர் பாஸ்டினுக்கு நீளமாக அனுப்புவார். பந்தியில் எந்த இலைக்கு எது வேண்டும் என்று பார்த்துப் பரிமாறுபவர் மாதிரி. என்னைக் கேட்டால், அந்த அணியின் உயிரே அவர்தான். அவர் இருந்தபோது ஆர்சனல் 4 லீக் பட்டங்களையும் 2 எஃப்ஏ கோப்பைகளையும் வென்றது.

அவருக்குக் கோல் அடிக்கவே வராது என்று பலர் நினைப்பது தவறு. 1928-ல் வெம்பிளியில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5-1 என வென்றபோது அவற்றில் 2 கோல் ஜேம்ஸ் அடித்தவை.