"நல்லா இருக்கேம்மா" என்று மட்டும் சொல்லாதே

தம்பி, உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கோலாலம்பூர் வந்து மூன்று மாதம், சாப்பாட்டுக் கடையில் வேலை, பாஸ்போர்ட்டை முதலாளி "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி வைத்திருக்கிறார், படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை, இதை அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே எந்த சிம் வாங்குவது, எந்தப் பக்கம் அறை வாடகை குறைவு, பணம் எப்படி அனுப்புவது என்றும் நாலு கேள்வி. சிம்மும் அறையும் உன் கடையில் பாத்திரம் கழுவுகிறவனே சொல்லிவிடுவான். நான் பாஸ்போர்ட்டையும் அம்மாவையும் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் 1998 ஜனவரியில் வந்தவன். கேஎல்ஐஏ விமான நிலையம் அப்போது திறக்கவில்லை, சுபாங்கில் இறங்கினேன். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். ஏஜென்டுக்கு 60,000 ரூபாய், அம்மாவின் சங்கிலி போக மீதி மூணு வட்டிக்கு வாங்கியது. "ஒரு வெள்ளிக்கு 14 ரூபாய், மாசம் 700 வெள்ளி" என்று விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக் காட்டினான். (இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள், உனக்கு இந்நேரம் பழகியிருக்கும்.) நான் பணம் கட்டி, விசா வந்து, விமானம் ஏறுவதற்குள் ஆசியா முழுக்கப் பண நெருக்கடி வந்து வெள்ளி சரிந்து கிடந்தது. இறங்கிய மாதத்தில் ஒரு வெள்ளிக்கு ஒன்பது ரூபாய் தேறினால் பெரிது. 700 என்றது 450 ஆனது. அதிலும் முதல் ஐந்து மாதம் பெர்மிட்டுக்கும் லெவிக்கும் (வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அரசாங்கம் வாங்கும் வரி) பிடித்தம். பாஸ்போர்ட்டை விமான நிலையத்திலிருந்து வந்த வேனிலேயே வாங்கிவிட்டார்கள். முதலாளியின் மச்சான் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே கையை நீட்டினான், நாங்கள் நாலு பேரும் வரிசையாகக் கொடுத்தோம். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கை நீட்டியதால் கொடுத்தேன்.

லெபோ அம்பாங் பக்கம் கடை. மேல்மாடியில் பதினோரு பேர் படுப்போம். ராத்திரி ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிவிட்டுப் போவான் மச்சான், காலை ஐந்தரைக்கு வந்து திறப்பான். அந்த வருஷம் செப்டம்பரில் துணைப் பிரதமராக இருந்த அன்வாரைப் பதவி நீக்கிக் கைது செய்தார்களே, அப்போது மஸ்ஜித் ஜாமெக், டத்தாரான் மெர்டேக்கா பக்கமெல்லாம் கூட்டம், கண்ணீர்ப் புகை. கடையைச் சாத்தி எங்களை மேலே அனுப்பிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். புகை மாடி வரைக்கும் ஏறியது. கைலியை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு தரையில் படுத்துக் கிடந்தோம். எங்களைக் கொல்லவேண்டும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. உள்ளே பதினோரு பேர் இருக்கிறார்கள் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. இப்போது செந்தூலில் எனக்கே ஒரு சின்ன மளிகைக் கடை. சாயங்காலம் ஷட்டரை இறக்கும் வேலையை மட்டும் பையனிடம் விட்டுவிட்டுப் பின்பக்கமாக வெளியே வந்துவிடுவேன்.

சரி, பாஸ்போர்ட். 1966ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படியே அடுத்தவன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இங்கே குற்றம். இது உன் முதலாளிக்கும் தெரியும். ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவில் நின்று சத்தம் போடாதே. "சோதனை அதிகமா இருக்குண்ணே, ஒரிஜினல் கையில இல்லாட்டி லாரில ஏத்திடுறாங்களாம்" என்று பணிவாகக் கேள். அது பொய்யும் இல்லை. கையில் கிடைத்ததும் முதல் பக்கம், பெர்மிட் ஒட்டிய பக்கம் இரண்டையும் படம் எடுத்து அக்காவுக்கோ நம்பகமான கூட்டாளிக்கோ அனுப்பிவிடு. கொடுக்கவே மாட்டேன் என்றால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போ. போக முடியாவிட்டால் ஒர்க்கிங் ஃபார் ஒர்க்கர்ஸ் என்று அவர்களுடைய செயலி இருக்கிறது, போனிலேயே புகார் போடலாம். சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக்கூடாது, 2025லிருந்து அதுதான் குறைந்தபட்சம், நமக்கும் அதே சட்டம்தான். லெவி முதலாளி கட்டவேண்டியது, உன் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. எத்தனை மணிக்கு ஏறினாய், எத்தனை மணிக்கு இறங்கினாய் என்று தினமும் ஒரு நோட்டில் எழுது. எழுதாதவன் பேச்சை எந்த மேசையிலும் கேட்கமாட்டார்கள், நான் பட்டது.

நீ எந்த பாஸில் வந்தாய் என்று எழுதவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமலே நுழையலாம் என்று ஆனபிறகு, "போய் இறங்குடா, அங்க பெர்மிட் அடிச்சுக்கலாம்" என்று ஊரில் ஏஜென்டுகள் ஆள் பிடிக்கிறார்கள். சுற்றுலாவில் வந்தவனுக்குக் கடை வேலைக்குப் பெர்மிட் மாற்றித் தர வழி கிடையாது. அப்படி வந்திருந்தால் 30 நாள் என்றைக்கோ முடிந்துவிட்டது. இங்கே பொதுவில் பதில் எழுதாதே, எனக்குத் தனியாக எழுது.

இன்னொன்று: ஓடாதே. மலாயில் லாரி என்றால் ஓட்டம். "அவன் லாரி ஆயிட்டான்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நீ ஓடிய அன்றைக்கே முதலாளி போய் ரிப்போர்ட் கொடுத்துவிடுவான். அதுவரை அவன் பக்கம் இருந்த குற்றம் அப்புறம் உன் தலையில். நான் பதினாலாவது மாதம் ஓடினேன். செலாயாங் மொத்தச் சந்தையில் ராத்திரியில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்கினேன். மூன்று வருஷம் பகலில் வெளியே தலைகாட்டவில்லை. நீலச் சட்டைக்காரனைப் பார்த்தால், அவன் தபால்காரனாக இருந்தாலும், வயிறு கலங்கும். அந்தச் சந்தையில்தான் மலாய் கற்றேன், கான்டொனீஸில் எண்ணக் கற்றேன். இன்றைக்கு சீனச் சரக்குக்காரன் என்னிடம் விலை ஏமாற்ற முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

இப்போது அம்மா விஷயம்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது, பி.பி. நம்பர். மளிகைக் கடைக்குக் கூப்பிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டால் அம்மா ஓடிவந்து மூச்சிரைக்க நிற்கும். கார்டில் மூன்று நிமிஷம்தான் காசு இருக்கும். "நல்லா இருக்கியாப்பா?" "நல்லா இருக்கேம்மா." "சாப்பிடுறியா?" "கடையே சாப்பாட்டுக் கடைதானேம்மா." சந்தையில் சாக்கு விரித்துப் படுத்த காலத்திலும் இதே வசனம். அம்மாவுக்குப் பக்கத்தில் சித்தப்பாவும் அவர் மகனும் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நல்லா இருக்கேன் என்றது பாதி அவர்களுக்காகத்தான். கடன் வாங்கி வந்தவன் தோற்றுப்போனான் என்று ஊர் பேசக்கூடாது இல்லையா.

சித்தப்பா மகன் 2000த்தில் வந்தான். அதே ஏஜென்ட், அதே கடை, அதே மச்சான். எனக்குச் சொல்லவே இல்லை, "அண்ணனுக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்" என்று வந்திருக்கிறான். அவனும் ஓடி செலாயாங்குக்கே வந்து சேர்ந்தான். 2002ல் பொது மன்னிப்பு அறிவித்தார்கள், ஜூலைக்குள் போகிறவர்களை வழக்கில்லாமல் அனுப்புகிறோம் என்று. நான் ஊருக்குப் போய்விட்டேன். அவன் கடன் பாதி நிற்கிறது என்று தங்கிவிட்டான். மறு வருஷம் சோதனையில் மாட்டி நாலு மாதம் தடுப்பு முகாமில் கிடந்தான். அனுப்பி வைத்தபோது மீனம்பாக்கத்துக்கு நான்தான் போனேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் செருப்பில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தான். பேருந்து தாம்பரம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்: "நீ போன்ல நல்லா இருக்கேன்னுதானே சொன்னே?"

அவ்வளவுதான் பேச்சு. அவன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை.

அதனால் அம்மாவிடம் சொல். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதே, அது தாங்காது. "பாஸ்போர்ட் கையில இல்லம்மா, கேட்டு வாங்கணும், தூக்கம் சரியில்ல" என்று சொல். யாராவது இந்த ஏஜென்டைப் பற்றி விசாரித்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறாயே, எனக்கு அதைப் பார்த்தாலே எரிகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை, எங்கள் காலத்தில் ஸ்டூடியோவில் வரைந்த கோபுரத் திரைக்கு முன்னால் கூலிங் கிளாஸ் போட்டு நின்றோம். அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் நிலத்தை விற்றார்களோ.

இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களிலும் எச்சரிக்கையாக இரு. ஒரு கூட்டம் "நாங்க பதினாறு மணி நேரம் நின்னோம்டா, இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையல" என்று சொல்லும். தன்னை அடித்த கழியை எடுத்து அடுத்தவனை அடிக்கிறவர்கள். நேற்றுவரை கோப்பை கழுவி, இன்று கடை வைத்து, ஐந்து பேர் பாஸ்போர்ட்டை லாச்சியில் (மேசை இழுப்பறையில்) பூட்டி வைத்திருப்பவனை எனக்குத் தெரியும். ஐடி வேலைக்காரர்கள் வேறு உலகம். பொங்கல் விழாவுக்கு நம்மிடம் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுப்பார்கள், பந்தியில் உட்காரச் சொல்லமாட்டார்கள். என் கடையில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், பாஸ்போர்ட் அவர்கள் சட்டைப்பையில்.

நமக்காகப் பேசியவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். தெனகனித்தா என்ற தொண்டு அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ், முகாம்களுக்குள் வெளிநாட்டுத் தொழிலாளிகள் படும் பாட்டை 1995ல் எழுதி வெளியிட்டார். பொய்ச் செய்தி என்று அவர் மேலேயே வழக்கு. 2003ல் ஒரு வருஷம் தண்டனை, 2008ல்தான் விடுதலை. என் தம்பி உள்ளே கிடந்த வருஷம்தான் அந்தத் தண்டனை வந்தது. அவர் 2014ல் இறந்தபோது நான் கடையை அரைநாள் சாத்தினேன். தெனகனித்தா இன்னும் இருக்கிறது, தொழிலாளர் அலுவலகத்தில் வேலை ஆகாவிட்டால் அங்கே போ.

இங்கத்தித் தமிழர்களைக் கிண்டல் செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடு. "பசியாறியாச்சா" என்று கேட்டால் நம் பையன்கள் சிரிக்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல சொல் நம் ஊரில் இருக்கிறதா? டிபன் என்கிறோம். என் மனைவி இங்கே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் 2004ல் ஒழுங்கான பெர்மிட்டில் திரும்பி வந்தேன். பெர்மிட்டில் இருக்கிறவன் இங்கே கல்யாணம் கட்டக்கூடாது என்பது நிபந்தனை, அதனால் ஊருக்குப் போய்த் தாலி கட்டி, துணைவர் பாஸில் வந்து, வருஷா வருஷம் வரிசையில் நின்று, சிவப்பு ஐசி (நிரந்தரமாகத் தங்குகிறவனுக்குத் தரும் அட்டை) கைக்கு வர பதினோரு வருஷம். அதை எழுத ஆரம்பித்தால் இன்னொரு நாள் ஆகும்.

அவளுடைய தாத்தா சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்து திரும்பியவர். ஜப்பான்காரன் 1942, 43ல் போட்டானே, 415 கிலோமீட்டர், தோட்டத்திலிருந்து லாரி லாரியாகத் தமிழர்களை ஏற்றிப்போனான். பல்லாயிரம் பேர் அங்கேயே முடிந்தார்கள். தாத்தா ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லையாம். ஆனால் சாகும்வரை தினமும் விளக்கு வைத்தபின் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முழங்காலுக்குக் கீழே தடவித் தடவிப் பார்ப்பாராம். ஒரு கீறல் இருந்தாலும் மஞ்சள் அரைத்துவரச் சொல்லிக் கத்துவார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. காட்டில் காலில் சின்னப் புண் வந்து, அது எலும்பு தெரிகிற அளவுக்கு அழுகிப் பல பேர் செத்தார்கள் என்று என் மனைவி பெரியவளாகிப் படித்துத் தெரிந்துகொண்டாள். நான் ஷட்டர் பக்கம் போகாததை முதலில் கவனித்தவளும் அவள்தான். "எங்க தாத்தா மாதிரி இருக்கீங்க" என்றாள்.

அதனால் தூக்கம் வராததை உடம்புச் சூடு என்று மோர் குடித்துத் தள்ளாதே. எங்கள் மாடியில் ஒருத்தன் உயிரை விடப் பார்த்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக எங்களுக்குப் பயம். பாஸ்போர்ட்டும் இல்லை, தற்கொலைக்கு முயன்றவன் மேலேயே வழக்குப் போடும் சட்டமும் அப்போது இருந்தது. 2023ல்தான் அதை நீக்கினார்கள். இன்றைக்கு உனக்கு அந்தப் பயம் வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் என்று போனில் பேசிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள். மனசு அந்தப் பக்கம் போனால் அன்றைக்கே கூப்பிடு. சும்மா பேசவேண்டும் என்றாலும் திங்கட்கிழமை எனக்கு ஓய்வுநாள், செந்தூலுக்கு வா.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வாரம் ஒரு மெசேஜ் வந்தது. தெரியாத இந்திய நம்பர். சித்தப்பா மகனுடைய பையன், பாலிடெக்னிக் முடித்திருக்கிறானாம். "பெரியப்பா, அப்பாக்குத் தெரியாம கேக்குறேன். மலேசியால வேலை எப்படி? நீங்க நல்லா இருக்கீங்களா?" நாலு நாளாகப் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உனக்கு எழுதுவது சுலபமாக இருக்கிறது.